யாரு பாத்தது?

விடிந்ததிலிருந்து மரம் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் தூரத்தில் கோடாலிச் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மரம் முறிந்து தரையில் அறைகிற அதிர்வு. ஒவ்வொரு தடவையும் செந்தமிழ்ச்செல்வி வாசலுக்கு வந்து ரோட்டுப் பக்கம் பார்த்தாள். வெட்டுகிறவர்களில் அவள் அண்ணன் வெங்கடேசனும் இருந்தான்.

அது எண்பத்தேழு செப்டம்பர். தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரம் சாலை மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, பேப்பர் இல்லை. அவர்கள் ஊரான கருக்காம்பட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது வாய்வழியாக வந்தால்தான் உண்டு. வந்ததெல்லாம் கேட்கக் கூடாததாக இருந்தது. எங்கோ போலீஸ் சுட்டுவிட்டதாம். எங்கோ ஒரு தெருவே எரிந்துவிட்டதாம். ரேடியோ மட்டும் நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னது.

செல்வி பி.ஏ. முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு மாடியில் நடந்த டுடோரியலில் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கருக்காம்பட்டுக் காலனியிலிருந்து கமலாவும் அங்கே வந்தாள். பரீட்சையில் ‘ரீசனிங்’ என்று ஒரு பகுதி உண்டு. ஒருவர் பேச்சில் முடிவு எது, அதற்கு அவர் காட்டுகிற காரணம் எது, வெளியே சொல்லாமல் உள்ளே வைத்திருக்கிற காரணம் எது, அந்தக் காரணத்திலிருந்து இந்த முடிவு உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பகுதியைக் கண்டு அலறினார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இவர்கள் இரண்டு பேருக்கும் அது விளையாட்டாகிப் போனது. கண்ணில் பட்டவர் பேச்சையெல்லாம் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்கிறவன்கூடத் தப்பவில்லை.

“எங்க தாத்தா இத சாப்ட்டுதான் நூறு வயசு இருந்தாருன்றான் பாரு. முடிவு இன்னாடி?” என்பாள் கமலா.

“லேகியம் வாங்குங்க.”

“அது அவன் ஆசை. முடிவச் சொல்லு.”

“லேகியம் சாப்ட்டா நூறு வயசு இருக்கலாம்.”

“தாத்தா கஞ்சியுந்தான் குடிச்சிருப்பாரு. கஞ்சியால இல்லன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?”

இரண்டு பேரில் கமலாதான் கூர்மை. மறியல் அறிவிப்பு வந்த அன்று பஸ்ஸில் செல்வி சொன்னாள்: “எங்காளுங்க இத்தினி பேரு இருக்கோம். ஆபீசுல எத்தினி பேரு இருக்காங்க? கேக்கறது நாயந்தானே?”

“நாயந்தான்” என்றாள் கமலா. “ஆனா கேக்கறது நாயம், அதனால ரோட்ட மறிக்கறதும் நாயம்னு உங்கண்ணன் சொல்றாரு பாரு, நடுவுல ஒரு படிய தாண்டிட்டாரு. அந்தப் படிக்குத் தனியா காரணம் வேணும்.”

பேச்செல்லாம் பஸ்ஸோடு சரி. ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் கமலா பின்தங்கிவிடுவாள். அவள் வாயிலிருந்து ‘டி’ போய்விடும். யாரும் சொல்லி வைத்ததில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

மறியலின் நடுவில் ஒரு நாள் காலை வீட்டை விட்டுப் போன வெங்கடேசன் ராத்திரி திரும்பவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. போலீஸ் லாரி மரங்களை ஒதுக்கிக்கொண்டு மலையடிவாரம் வரை வந்துவிட்டது என்று பேச்சு வந்தது. அவர்கள் அம்மா அமிர்தம் அடுப்பு மூட்டாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாயிரம் போவதும் வருவதுமாக இருந்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

மத்தியானத்துக்கு மேல் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் கூச்சல் கேட்டது. செல்வியும் அம்மாவும் ஓடினார்கள். செல்வியின் மாமன் மகன் வீரமுத்து வெங்கடேசனுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தியிருந்தான். கேரியரில் ஒரு வெள்ளைத் துண்டு சுருட்டிச் செருகியிருந்தது. துண்டு பாதிக்கு மேல் கருஞ்சிவப்பாகக் காய்ந்து விறைத்திருந்தது.

“இருசப்பன் வூட்டுப் பின்னால மறைச்சு வச்சிருந்தான் மாமா” என்று கண்ணாயிரத்திடம் சொன்னான் வீரமுத்து. அவன் குரல் உடைந்திருந்தது. “நேத்து காலைல அவன் கோடாலியோட வெங்கடேசன் மச்சான் பின்னால போனத நாலு பேரு பாத்திருக்காங்க. அதுக்கப்பறம் அவனையும் காணம். வெட்டிப் போட்டுட்டு ஓடிட்டான்.”

அமிர்தம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

இருசப்பன், கமலாவின் அண்ணன். மறியலின் முதல் நாள் காலனித் தெருமுனைப் புளியமரத்தை வெட்ட விடமாட்டேன் என்று வெங்கடேசனோடு வாய்த் தகராறு செய்தவன். அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

“அன்னிக்கே மொறைச்சிகினு நின்னான்” என்றார் நாட்டாண்மை நாராயணசாமி. “மனசுல வச்சிகினு செஞ்சிட்டான்.”

செல்வி துண்டைப் பார்த்தாள். அந்தக் கணமே நம்பினாள். கோடாலி ஓங்குகிற இருசப்பனை அவளால் பார்க்க முடிந்தது. அவன் தோள் எலும்பு, அவன் சட்டையில்லாத முதுகு, அண்ணன் திரும்பிப் பார்க்கிற முகம், எல்லாம் தெரிந்தது. பார்க்காத ஒன்று இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று தோன்றியபோதுதான் அவளுக்கு உடம்பு சில்லிட்டது. இதே படம் இங்கே நிற்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

ஆட்கள் கலைந்து ஓடினார்கள், திரும்பி வந்தார்கள். கையில் தடி, வெட்டரிவாள். வீரமுத்து பம்ப்செட் கொட்டகையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். காலனியில் இந்நேரம் கமலா என்ன செய்துகொண்டிருப்பாள்? வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாளா? ஊர்க் கூட்டத்தில் பெண்கள் வாய் திறந்து அவள் பார்த்ததில்லை.

“யாரு பாத்தது?”

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “வீரமுத்து மாமா, நாலு பேரு பாத்தாங்கன்னியே. யாரு பாத்தது?”

“இன்னாடி கேக்கற? பெரியவருதான் சொன்னாரு.”

செல்வி நாராயணசாமி பக்கம் திரும்பினாள். “நீங்க பாத்தீங்களா பெரியப்பா?”

“நான் ஏன் பாக்கறேன்? குஞ்சம்மா சொல்லுச்சு.”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற குஞ்சம்மாள் எல்லோரும் தன்னைப் பார்ப்பது கண்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “ஐயோ, நான் எங்க பாத்தேன்? வீரமுத்து தம்பி களத்து மேட்டுல பேசிகினு இருந்துச்சு. அது ‘போயிருப்பான்’னுச்சு. அதத்தான் சொன்னேன்.”

வீரமுத்து சொன்னது ஊரைச் சுற்றிவிட்டு வீரமுத்துவிடமே சாட்சியாக வந்து சேர்ந்திருந்தது.

“பொட்டப்புள்ள பேசற எடமாடா இது?” என்றார் நாராயணசாமி கண்ணாயிரத்தைப் பார்த்து.

“காலனிப் பொண்ணுகூட ஒண்ணா ஒக்காந்து படிக்கறா இல்ல, அப்படித்தான் பேசுவா” என்றான் வீரமுத்து. “அண்ணன் செத்துக் கெடக்கறான், இவ அவங்களுக்கு வக்காலத்து வாங்கறா.”

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்துத் தள்ளியது. யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவமானத்தில் காது கொதித்தது. ஆனால் பழகிப்போன அந்த விளையாட்டு, பயத்துக்கு அடியில், தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இது என்னைப் பற்றிய பேச்சு. சைக்கிளைப் பற்றியது இல்லை. துண்டைப் பற்றியது இல்லை. நான் எவ்வளவு கெட்டவளாக இருந்தாலும் துண்டு துண்டுதான்.

துண்டு. எல்லாம் அதன்மேல்தான் நின்றது. அதை ரத்தம் என்று ஒருவரும் சொல்லக்கூட இல்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவளும் ரத்தம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோதே அவள் கை பின்வாங்கியது. அண்ணனுடைய ரத்தமாக இருந்தால்? பார்க்காமலிருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்துக்காவது அவன் உயிரோடு இருப்பான்.

சைக்கிளுக்குப் போய்த் துண்டை உருவினாள். அது வளையவில்லை. காய்ந்த இடத்தை மடக்கியபோது கண்ணாடிச் சில்லு போல நொறுங்கி, துணுக்குகள் உள்ளங்கையில் உதிர்ந்தன. முகர்ந்தாள். கவுச்சி இல்லை. பச்சை மரத்தின் வாசனை போல ஏதோ ஒன்று. பயத்தில் தனக்கு மூக்கே வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துணுக்கை நாக்கில் வைத்தாள்.

“ஐயோ, பித்துப் புடிச்சிருச்சு!” என்று யாரோ பெண் கத்தினாள்.

நாக்கைச் சுருட்டிப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. ரத்தம் அப்படி இருக்காது.

“இது ரத்தமில்ல” என்றாள். அழுகை வந்துவிட்டது. “வேங்கைப் பாலு. மலைப்பாதைல வேங்கை மரம் வெட்டியிருக்காங்க. அதான் செவப்பா ஒழுகி, துண்டுல தொடைச்சிருக்காரு. யாரு வேணா நாக்குல வச்சிப் பாருங்க.”

ஒருவரும் கை நீட்டவில்லை. கீழே உட்கார்ந்திருந்த அமிர்தம் எழுந்து வந்தாள். மகள் கையிலிருந்து துண்டை வாங்கி, அதன் காய்ந்த ஓரத்தைப் பல்லால் கடித்தாள். அவள் முகத்தையே ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

“வேங்கைப் பாலுதான்” என்றாள் அமிர்தம். “புள்ளைங்களுக்கு இதத்தான ஒரைச்சிப் பொட்டு வச்சேன். எனக்குத் தெரியாதா?”

கூட்டத்தில் பெருமூச்சு போல ஒரு சலசலப்பு. ஓங்கியிருந்த தடிகள் இறங்கின. ஆனால் நாராயணசாமி விடவில்லை.

“சரி, ரத்தமில்ல. ஒத்துக்கறேன். அப்ப வெங்கடேசன் எங்க? அவன் உசுரோட இருக்கான்னு நீ காட்டு பாக்கலாம்.”

செல்விக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் குத்தியது. அவளுக்கும் அதுதான் கேள்வி. ஆமாம், இருக்கிறார் என்று கத்தத் தோன்றியது. அப்படிச் சொன்னால் அதுவும் பார்க்காததைச் சொல்வதுதான்.

“என்னால காட்ட முடியாதுங்க பெரியப்பா. எனக்குத் தெரியாது. தெரியலன்றதும் செத்துட்டாருன்றதும் ஒண்ணா? இருசப்பனையுந்தான் காணம். ரெண்டு பேரும் சேந்து மரம் வெட்டப் போயி, போலீசப் பாத்துட்டு மேல ஏறியிருக்கலாம். போகலன்னும் இருக்கலாம். எதுன்னு தெரியாம ஒரு தெருவ கொளுத்தினா, நாளைக்கு அண்ணன் நடந்து வந்தாருன்னா அவருகிட்ட இன்னா சொல்லுவீங்க?”

கண்ணாயிரம் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். “எம் புள்ள. நான் சொல்றேன். மொதல்ல மலைக்குப் போயிப் பாப்போம். காலனிப் பக்கம் எவனும் போவக் கூடாது.”

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. ஆட்கள் கும்பல் கும்பலாகப் பிரிந்து பேசினார்கள். யார் யார் மலைக்குப் போவது, எந்த வழி, போலீஸ் கண்ணில் படாமல் எப்படி. செல்வி வீரமுத்துவைத் தேடினாள். அவன் நின்ற இடத்தில் இல்லை. டின்னும் இல்லை. ஏரிக்கரைக்கு அப்பால், கரும்புத் தோட்டத்து வரப்பில், டின்னைத் தூக்கிக்கொண்டு அவன் தனியாகப் போவது தெரிந்தது.

அப்பாவைக் கூப்பிட நேரமில்லை என்று நினைத்தாள். கூப்பிட்டால் அவர் பின்னால் ஊரே வரும் என்றும் நினைத்தாள். எது சரியென்று தெரியாமலேயே ஓடினாள். வரப்பில் போனால் அவன் பார்த்துவிடுவான். கரும்புக்குள் நுழைந்தாள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு. காய்ந்த சோகை இலை கையையும் கன்னத்தையும் அறுத்தது. தன் மூச்சுச் சத்தமா வேறு யாரோ பின்னால் வருகிற சத்தமா என்று புரியவில்லை. நின்றால் சத்தமும் நின்றது. ஓடினால் அதுவும் ஓடி வந்தது.

சட்டென்று அவள் கழுத்துக்கு நேரே ஒரு கரும்பரிவாள் நீண்டது.

“யாரோட வந்த?”

கமலா. சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால், கரும்பின் அடியில், அவள் அம்மா இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். இன்னும் உள்ளே காலனிக் குழந்தைகள், கிழவர்கள், ஆட்டுக்குட்டிகள் எல்லாம். கோயில் பக்கம் சத்தம் கேட்டபோதே கமலா தெருவைக் காலி செய்துவிட்டிருந்தாள்.

“தனியாத்தான் வந்தேன். வீரமுத்து டின்னோட வரான். சொல்லத்தான்.”

“எப்படி நம்பறது?” அரிவாள் இறங்கவில்லை.

தான் தனியாக வந்ததற்கு என்ன அத்தாட்சி? செல்வி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கமலா அவள் முகத்தில் கீறியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னாலிருந்த கரும்பைப் பார்த்தாள், காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அரிவாளை இறக்கிவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

செல்வி மட்டும் தோட்டத்தின் விளிம்புக்கு ஊர்ந்து போய்ப் பார்த்தாள். வீரமுத்து காலனித் தெருவுக்குள் திரும்பினான். வீடுகள் அவனை மறைத்தன. கொஞ்ச நேரம் கழித்து முதலில் புகை எழுந்தது, பிறகு நெருப்பு. ஓலை வெடிக்கிற சத்தம். இருசம்மாள் எழுந்து ஓடப் பார்த்தாள். கமலா அவளைக் கீழே அழுத்திப் பிடித்து, தன் கையாலேயே அவள் வாயை மூடினாள். கிழவியின் அலறல் கமலாவின் விரல்களுக்குள் போயிற்று.

வீரமுத்து திரும்பி வந்தான். டின் அவன் கையில் காலியாக, எடையில்லாமல் ஆடியது. செல்வி பதுங்கியிருந்த இடத்துக்கு மிக அருகில் நின்று, வலது கையை வாயருகே வைத்து ஊதினான். கை ரோமமெல்லாம் பொசுங்கிச் சுருண்டிருந்தது. அவள் மூச்சு விடவில்லை.

எரிந்தது இருசப்பன் வீடு ஒன்றுதான். காற்று மலைப் பக்கமிருந்து அடித்ததால் மற்ற கூரைகள் தப்பின.

மறுநாள் கண்ணாயிரமும் அவரோடு போனவர்களும் மலையிலிருந்து இறங்கினார்கள். வெங்கடேசன் உயிரோடு வந்தான். கணுக்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. ஒரு கையை இருசப்பன் தோளில் போட்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தான். நடந்தது இதுதான். மறியலில் மலைப்பாதையையும் அடைக்க வேண்டும் என்று பேச்சு. வேங்கை மரம் சாய்க்கத் தெரிந்தவன் இருசப்பன்தான் என்பதால் வெங்கடேசன் அவன் கையில் காலில் விழுந்து கூப்பிட்டிருக்கிறான். தெருப் புளியமரத்தைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் இருசப்பன் சம்மதித்தான். வெங்கடேசன் காணாமல் போனதற்கு முந்தின நாள் சாயங்காலமே முதல் மரத்தை வெட்டினார்கள். பால் துடைத்த துண்டைக் கேரியரில் செருகியவன் அதை மறந்துவிட்டான். மறுநாள் காலையில் காலனிக்குப் பின்னால் சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்தே ஏறினார்கள். போலீஸ் லாரி வந்தது. ஓடும்போது வெங்கடேசன் பாறையில் சறுக்கினான். கீழே போலீஸ் உட்கார்ந்திருந்ததால் இறங்க முடியவில்லை. இருசப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு மலைவாசிகளான மலையாளிகளின் குடியிருப்பு ஒன்றில் போய் ஒளிந்திருக்கிறான்.

காலனிக்குள் நுழைந்ததும் இருசப்பன் நின்றுவிட்டான். அவன் வீடு இருந்த இடத்தில் சாம்பலும் கரிந்த குறுக்குக் கட்டையும் இருந்தன. வெங்கடேசன் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தடுமாறினான்.

“இன்னாத்துக்கு?” என்று மட்டும் கேட்டான் இருசப்பன்.

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் போலீஸ் விசாரணை வந்தது. தீ வைத்தது யாரென்று தெரியாது என்று ஊர் முழுக்க ஒரே வாக்காகச் சொன்னது. வீரமுத்து பெயரையும், செல்வி கரும்புக்குள் இருந்ததையும் காலனிக்காரர்கள் சொல்லியிருந்ததால், அவளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

“அவன் உம் மாமன் மவன்டி” என்றாள் அமிர்தம். “எந்தம்பி வூட்டு வாசப்படிய நான் இனிமே மிதிக்க வாணாமா? பாக்கலன்னு சொல்லிட்டு வந்துரு. பத்த வச்சத நீ பாக்கலதானே? பொய்யி இல்லியே.”

அதுதான் செல்வியைப் படுத்தியது. அம்மா சொன்னது நிஜம். பத்த வைத்ததை அவள் பார்க்கவில்லை. கோயில் முன்னால் நின்று ‘யாரு பாத்தது’ என்று கேட்டவளே இப்போது பார்க்காததைச் சொல்லலாமா? ஒருநாள் முழுக்க அதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். துண்டை வைத்துக் கொலை என்றதற்கும் டின்னை வைத்துத் தீ என்பதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே ஒரு துண்டு, அதுவும் தப்பு. மற்றதெல்லாம் வாயிலிருந்து வாய்க்கு. இங்கே அவள் கண் பார்த்தவை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. வேறு விதமாகச் சொல்ல முடியுமா என்று அவனுக்காகவே தேடிப் பார்த்தாள். டின் வேறெதற்கோ, கை வேறெங்கோ சுட்டது, யாரோ வேறொருவன் அதே நேரத்தில் வந்தான். ஒவ்வொன்றையும் நம்ப அவள் பாடுபட வேண்டியிருந்தது.

கண்ணாயிரம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷன் வராந்தாவில் கமலாவும் இருசம்மாளும் முன்னதாகவே வந்து நின்றிருந்தார்கள். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசுவது வெளியே கேட்கும்.

“வீரமுத்து தீ வச்சத நீ பாத்தியாம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்லீங்க.”

வராந்தாவில் இருசம்மாள் ஏதோ முனகினாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடப் போனார்.

“சார், நான் பாத்ததச் சொல்றேன்” என்றாள் செல்வி. “மண்ணெண்ண டின்ன தூக்கிகினு அவரு தனியா காலனித் தெருவுக்குள்ள போனத பாத்தேன். அப்ப அங்க வேற ஆளு இல்ல. எல்லாரும் கரும்புக்குள்ள இருந்தாங்க. போன கொஞ்ச நேரத்துல பொகை வந்துச்சு. அதுக்கப்பறம் காலி டின்னோட வந்தாரு. வலது கை ரோமம் பொசுங்கியிருந்துச்சு. கைய ஊதிகினு போனாரு. இவ்ளோ பாத்தேன். பத்த வச்சத பாக்கல. இதுலேருந்து இன்னா வருதுன்னு நீங்களே பாருங்க.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி திறந்தார்.

வெளியே வந்தபோது கமலா தூணில் சாய்ந்திருந்தாள். அப்பா பக்கத்தில் இருந்ததால் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று செல்வி நினைத்தாள். கமலாவே பேசினாள்.

“உங்கண்ணன் உசுரோட வந்ததாலதான் எங்கண்ணன் தப்பிச்சான். வராம போயிருந்தா?”

“அப்பவும் அவங்க சொன்னது தப்புதான். பொணமே கெடைச்சிருந்தாலும் அந்தத் துண்ட வச்சி இருசப்பன்தான்னு சொல்ல முடியாது.”

“அது ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்” என்றாள் கமலா. “ரெண்டு பேரு போதுமாடி ஒரு ஊருக்கு?”

அந்த ‘டி’ அப்பாவின் காதில் விழுந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீரமுத்துவைப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக இழுத்தது. மாமன் வீட்டோடு போக்குவரத்து அற்றுப்போனது. அம்மா செல்வியிடம் சோறு போடுகிறபோது மட்டும் பேசினாள். வெங்கடேசன் வீக்கம் வடிந்ததும் தோப்பிலிருந்து கீற்று வெட்டி வண்டியில் ஏற்றிக் காலனிக்கு ஓட்டிப் போனான். இருசப்பன் கூரை வேய்ந்தான். நன்றி என்றோ வேண்டாம் என்றோ அவன் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த வருஷம் கமலா பரீட்சையில் தேறித் திருநாவலூர்ப் பக்கம் ஒரு பேங்க் கிளைக்கு வேலைக்குப் போனாள். செல்வி மறுபடி எழுதுவதற்காக டுடோரியலுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

கரும்பு வெட்டு முடிந்த ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பில் வந்துகொண்டிருந்தபோது எதிரில் வீரமுத்து வந்தான். இரண்டு பக்கமும் வெட்டின தோட்டம். ஒதுங்க இடமில்லை, கூப்பிட ஆளில்லை. அவன் வழியை அடைத்து நின்றான்.

“பத்த வச்சத நீ பாத்தியா?”

“இல்ல.” அவள் புத்தகத்தை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“அப்பறம் எப்படிச் சொன்ன?”

“பாத்தத மட்டுந்தான் சொன்னேன்.” “நான் சொன்னதுல எது பொய்யின்னு சொல்லு மாமா. கோர்ட்டுல வந்து மாத்திச் சொல்றேன்.”

அவன் வலது கையைப் பார்த்துக்கொண்டான். ரோமம் திரும்ப முளைத்திருந்தது. அவன் அடிக்கப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

“உங்கண்ணன் செத்துட்டான்னு நெஞ்சார நம்பினேன்டி” என்றான். “ரத்தமில்லன்னு நீ சொன்னப்பறமும் என் கண்ணுக்கு ரத்தமாத்தான் தெரிஞ்சுது.”

“எனக்குந்தான் தெரிஞ்சுது” என்றாள் செல்வி.

அவன் வரப்பிலிருந்து இறங்கி, வெட்டின கரும்புக் கட்டைகளுக்கு நடுவில் ஒரு காலை வைத்து வழி விட்டான். அவள் அவனைக் கடந்து நடந்தாள். ஓடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊர்த் தெரு வருகிற வரைக்கும் அவளுடைய முதுகு முழுக்கக் காதாக இருந்தது.